விடுதலை ஆணையும் மாத்திரைப் புட்டியும்: சிறையிலிருந்து வெளிவருவோரின் எச்.ஐ.வி. சிகிச்சை

கடலூர் கேப்பர் மலையிலுள்ள மத்திய சிறையிலோ, புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டிலுள்ள மத்திய சிறையிலோ எச்.ஐ.வி. தொற்றோடு அடைக்கப்பட்டிருக்கும் ஒருவருக்கு, உள்ளே இருக்கும் வரை இரண்டு சட்டங்கள் துணை நிற்கின்றன. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 31-ஆவது பிரிவு, அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் தண்டனைக் கைதியானாலும் விசாரணைக் கைதியானாலும் தடுப்புக் காவல் கைதியானாலும், ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவோ, ஒருவர் காவலில் இருக்கிறார் என்பதை மட்டுமே தகுதியாகக் கொண்டு, வருமானச் சான்று எதுவும் கேட்காமல், அவருக்கு இலவச சட்ட உதவி வழங்கச் சொல்கிறது.

இரண்டு பாதுகாப்புகளும் காவல் என்ற ஒரே ஆணியில்தான் மாட்டப்பட்டுள்ளன. விடுதலையான மறுகணம் அந்த ஆணி கழன்றுவிடுகிறது. சிகிச்சைக்கான உரிமை முற்றிலும் போய்விடுவதில்லை. அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தொற்றுள்ள எல்லோருக்கும் ஏ.ஆர்.டி. எனப்படும், வைரஸை அடக்கிவைக்கும் மருந்து கிடைக்க வழி செய்யும் பொறுப்பை அரசுகளின் மீது வைத்திருக்கிறது. ஆனால் மருந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. சட்ட உதவியும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் வழக்கறிஞர் தொடரலாம். புதிதாக ஒரு மனு, ஒரு புகார் என்று வரும்போது அவர் பெண்ணா, பட்டியல் சாதியினரா, பழங்குடியினரா, மாற்றுத்திறனாளியா, வருமான வரம்புக்குள் வருகிறவரா என்று வேறொரு வாசல் வழியாக நுழைய வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்று அந்த 12-ஆவது பிரிவில் தனி வகையாகச் சொல்லப்படவில்லை.

இந்த இடைவெளி ஏன் ஆபத்தானது என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. இப்போது பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கியுள்ளன. நாளொன்றுக்கு ஒன்று, 30 மாத்திரை கொண்ட ஒரு புட்டி ஒரு மாதத்துக்கு. இதை ஒழுங்காக உட்கொள்பவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்குகிறது, உடலின் எதிர்ப்பு அணுக்கள் சரியத் தொடங்குகின்றன, விட்டுவிட்டு உட்கொண்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகவும் கூடும். காசநோயும் சேர்ந்திருப்பவருக்குச் சிக்கல் இரட்டிப்பு: காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடுவதால், அவருக்கு டோலுடெகிராவிர் இரண்டு வேளையாகக் கொடுக்கப்படுகிறது. சிறையில் எந்த வேளைக்கு எது கொடுத்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் வெளியே வரும் ஒருவர், வேறொரு மருத்துவமனையில் 'ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்' என்று மட்டுமே சொல்ல முடியும்.

நாட்டில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் சுமார் 0.2 விழுக்காடு. சிறைவாசிகளிடையே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுவது ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது பத்து மடங்கு. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் உண்டு. 2022-ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். சிகிச்சைத் தொடர்ச்சியைப் பற்றிப் பேசும்போது முதல் எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவது எண்தான் சிக்கலின் வேர். தண்டனைக் கைதி எந்தத் தேதியில் வெளியே போவார் என்பது சிறை அலுவலகத்துக்கு மாதங்களுக்கு முன்பே தெரியும், அதற்கேற்ப மருத்துவர் திட்டமிடலாம். விசாரணைக் கைதி எப்போது போவார் என்பது நீதிபதி கையெழுத்திடும் வரை யாருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். பிற்பகலில் நீதிமன்றம் பிணை வழங்குகிறது, ஜாமீன்தாரர்கள் ஏற்கப்படுகிறார்கள், ஆணை சிறைக்கு வந்து சேர்கிறது, பெயரும் அடையாளக் குறிகளும் சரிபார்க்கப்பட்டு மாலையில் அவர் வெளியே விடப்படுகிறார். மாத்திரைப் புட்டி சிறை மருத்துவமனையின் அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முன்னிலையில், எந்த மாத்திரை, எதற்கு என்று சொல்ல வேண்டும். வாசலில் அண்ணனோ மாமனாரோ காத்திருக்கிறார். அவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர் கேட்காமலே போய்விடுகிறார். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். கேப்பர் மலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. இத்தனைக்குப் பிறகு அந்தத் தூரம் எளிதில் கடக்கக்கூடியதாக இல்லை.

இது கற்பனையான அச்சம் அன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறைகளிலிருந்து 2004 முதல் 2007 வரை விடுதலையான, சிகிச்சையில் இருந்த 2,115 பேரைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு, விடுதலையான 10 நாள்களுக்குள் மருந்துச் சீட்டைக் கொண்டு மருந்து வாங்கியவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே என்றும், 60 நாள்கள் ஆன பிறகும் அது 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றும் கண்டது. அவர்களுக்குப் பத்து நாள் மருந்து கையில் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது. அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி, மருந்து உதவித் திட்டத்துக்கான விண்ணப்பத்தை நிரப்ப உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மருந்து வாங்கினார்கள் என்பது. நம் நாட்டில் ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரல் 1 முதலே அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதால் அந்த விண்ணப்பம் இங்கே தேவையில்லை; ஆனால் இங்கும் ஆளைப் பிடித்துவைப்பது வேறு காகிதங்கள்தான்.

அந்தக் காகிதங்களில் முதன்மையானது பிணை நிபந்தனை. தினமும் காலை 10.30 மணிக்கு இன்ன காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் வழக்கமாக விதிக்கும் ஒன்று. சில வழக்குகளில் சொந்த ஊரில் தங்கக் கூடாது, வேறொரு ஊரில் தங்கிக் கையெழுத்திட வேண்டும் என்றும் விதிக்கப்படுகிறது. ஏ.ஆர்.டி. மையத்தின் புறநோயாளிப் பிரிவும் காலையில்தான் இயங்குகிறது. பதிவு, எடை பார்த்தல், ஆலோசகரைச் சந்தித்தல், ரத்தம் கொடுத்தல், மருந்து வாங்குதல் என்று வரிசையில் நின்றால் நண்பகல் ஆகிவிடும். இரண்டில் ஒன்றைத் தவறவிட வேண்டியவர், பிணை ரத்தாகும் அச்சத்தால் மருத்துவமனையைத்தான் தவறவிடுவார். நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனு வழக்கறிஞர்களுக்கு அன்றாட வேலை. ஆனால் கட்சிக்காரர் காரணத்தைச் சொல்லாதபோது, அந்த மனுவை வேலைக்குப் போக வேண்டும், தாயாருக்கு உடல்நலமில்லை என்ற வழக்கமான காரணங்களோடு எழுத நேர்கிறது. அவை வழக்கம்போலவே தள்ளுபடியும் ஆகின்றன.

காரணத்தைச் சொல்லியும் ரகசியத்தைக் காக்க முடியும் என்பது பல வழக்கறிஞர்கள் கவனிக்காத செய்தி. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, தொற்றுள்ளவர் தரப்பாக இருக்கும் வழக்கில் அவருடைய அடையாளத்தை மறைத்துப் புனைபெயரில் நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அடையாளம் வெளியிடப்படுவதைத் தடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அத்தகைய வழக்குகளை முன்னுரிமை அளித்து முடிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. தளர்வு மனுவுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. தொடர் மருத்துவச் சிகிச்சை என்று மட்டும் மனுவில் குறிப்பிட்டு, விவரத்தை மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும் தரலாம். 36-ஆவது பிரிவும் இத்தோடு சேர்த்துப் படிக்கத்தக்கது: தண்டனை விதிக்கும்போது, போதிய மருத்துவ வசதி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்தச் சிறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது வாய்தா. காசநோயோ வயிற்றுப்போக்கோ முற்றி மருத்துவமனையில் படுத்துவிட்டவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்டு பிறப்பிக்கப்படும். அன்று காலையிலேயே ஆஜராவதிலிருந்து விலக்குக் கோரும் மனுவை வழக்கறிஞர் தாக்கல் செய்தால் இது நேராது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355-ஆவது பிரிவு. நீதிமன்ற வராந்தாக்களில் இன்னமும் பழைய சட்டத்தின் பெயரால் '317 மனு' என்றுதான் சொல்கிறார்கள். அந்த மனுவைப் போட வேண்டுமானால் கட்சிக்காரர் எங்கே படுத்திருக்கிறார் என்று வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிடிவாரண்டில் பிடிபட்டு மீண்டும் உள்ளே போகிறவரின் மருந்து இன்னொரு முறை அறுபடுகிறது. காவல் நிலையத்தில் எடுத்துவைக்கப்பட்ட அவருடைய உடைமைகளில் மாத்திரையும் இருக்கலாம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: எல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது நேரத்தில் முள்ளோடை வந்துவிடும். மக்கள் வேலைக்கும் மருத்துவத்துக்கும் இதை எல்லையாகவே நினைப்பதில்லை. கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தார் பலருக்குப் பெரிய மருத்துவமனை என்றாலே கோரிமேட்டு ஜிப்மர்தான். ஆனால் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தமிழ்நாட்டுக்குத் தனி, புதுச்சேரிக்குத் தனி. சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அப்படியே. சிறைத் துறையும் அப்படியே. காலாப்பட்டிலிருந்து விடுதலையாகிப் பேருந்தில் புதுச்சேரி நகருக்கு வருகிறவர்கூட வழியில் கோட்டக்குப்பம் பகுதியில் தமிழ்நாட்டைக் கடந்துதான் வருகிறார். மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை இங்கே எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால், ஒருவர் தன் வீட்டுக்கும் தன் மருத்துவமனைக்கும் இடையே சிக்கிக்கொள்வார். நிபந்தனை எழுதப்படும் நேரத்திலேயே சிகிச்சைக்காக எல்லை கடக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பது, பிறகு தளர்வுக்கு அலைவதைவிட எளிது. காலாப்பட்டில் இருந்தவர் பண்ருட்டிக்குத் திரும்பினாலோ, கடலூரில் இருந்தவர் பாகூருக்குத் திரும்பினாலோ, பதிவு எண்ணோடும் கடைசிப் பரிசோதனை முடிவுகளோடும் கூடிய மாற்றுக் கடிதம் ஒரு ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயாக வேண்டும். கடிதம் இல்லாமல் போனாலும் மருந்து மறுக்கப்படக் கூடாது என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் ஒருவர், அடுத்த மாதம் வராமல் போவதற்கான வாய்ப்பே அதிகம்.

ஆக, இங்கே மருந்துக்கும் சட்டத்துக்கும் பஞ்சமில்லை. விடுதலை நாளை முதலில் அறிகிறவர் வழக்கறிஞர். மருந்து விவரத்தை அறிகிறவர் சிறை மருத்துவரும், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரும். இவர்களுக்கு நடுவே செய்தி போவதற்குப் பாதை இல்லை. அப்படியானால் தொற்றுள்ள கைதிகளின் பட்டியலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சிலர் கேட்பார்கள். கூடாது. எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை இன்னொருவருக்கு வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தத் தடைக்குப் பின்னால் நம் ஊர் வரலாறே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த அந்த ரத்த மாதிரிகளில், காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களுடையவையும் இருந்தன. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் தொற்றைக் காரணம் காட்டிப் பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்த கொடுமையும் இதே மாநிலத்தில்தான் நடந்தது. காவலில் இருப்பவரின் பரிசோதனை முடிவு கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

செய்தி எதிர்த் திசையில் போக வேண்டும் என்பதே என் வாதம். யாருக்குத் தொற்று இருக்கிறது என்ற பட்டியல் மருத்துவ அறையை விட்டு வெளியே போக வேண்டாம். யாரெல்லாம் விடுதலையாகப் போகிறார்கள் என்ற பட்டியல் மருத்துவ அறைக்கு வந்தால் போதும். விடுதலைப் பட்டியலில் ரகசியம் ஏதும் இல்லை. அது வருவதற்கான வழிகளும் ஏற்கெனவே உள்ளன. மாவட்ட நீதிபதி தலைமையில், மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் ஆகியோர் அமரும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு, பிணைக்குத் தகுதியானவர்களின் பெயர்களை முன்கூட்டியே அலசுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கையும் மற்றவர்கள் பாதியையும் சிறையில் கழித்திருந்தால் பிணைக்கு உரியவராகிறார். வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்தக் காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர்தான். ஆகவே இந்த வகையினரின் தேதியை அவர் அலுவலகமே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

பிணை கிடைத்தும் வெளியே போக முடியாமல் இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். 2023 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் இட்ட வழிகாட்டுதல்களின்படி, பிணை ஆணையின் மின்னணுப் படி அன்றோ மறுநாளோ சிறைக்கு அனுப்பப்பட வேண்டும். 7 நாள்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத ஏழைக் கைதிகளுக்கு உதவ, அதே ஆண்டில் மத்திய உள்துறை அறிவித்த திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் இடமளிக்கப்பட்டது. இவர்களுக்கு ஆணை வந்த நாளுக்கும் வாசல் திறக்கும் நாளுக்கும் நடுவே சில நாள்களோ வாரங்களோ இருக்கின்றன. வழக்கின் பார்வையில் அது வீணான காத்திருப்பு. சிகிச்சையின் பார்வையிலோ, கடிதம் எழுதவும் மருந்து எடுத்துவைக்கவும் போதுமான அவகாசம்.

இதெல்லாம் முடியாத திடீர் விடுதலைகளுக்கு ஒரு வழிதான் உண்டு: சிகிச்சை தொடங்கும் நாளிலேயே விடுதலைக்கான உறையையும் தயாராக வைத்துவிடுவது. நோயாளி கையிலேயே வைத்திருக்க வேண்டிய சிகிச்சைக் கையேடு, மருந்தின் பெயரும் வேளையும், கடைசி வைரஸ் அளவு, காசநோய் மருந்து இருந்தால் அதன் விவரம், போக வேண்டிய மையத்தின் முகவரி, கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097 ஆகியவை அதில் இருக்க வேண்டும். உறையின் மேல் எய்ட்ஸ் என்ற சொல்லோ துறையின் முத்திரையோ இருக்கக் கூடாது. வெளியே போகும் ஒவ்வொருவரும், தொற்று உள்ளவரானாலும் இல்லாதவரானாலும், ஐந்து நிமிடம் மருத்துவ அறைக்குள் போய்த்தான் வர வேண்டும் என்று நடைமுறை வகுத்தால், யார் எதற்குப் போனார் என்று வார்டருக்கும் தெரியாது, உடனிருந்தவருக்கும் தெரியாது. சிறை மருத்துவம் வெளியுலகப் பொதுமருத்துவத்தோடு நெருங்கி இயங்கி, எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றுக்கான சிகிச்சை தொடர்ச்சி அறுபடாமல் அமைய வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின் 24-ஆவது விதி கேட்பதும் இதைத்தான்.

வழக்கறிஞரின் பங்கு வாசலோடு முடிவதில்லை. வெளியே வந்தவரைப் பழைய முதலாளி தொற்றைக் காரணம் காட்டி வேலைக்கு எடுக்க மறுக்கலாம்; வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம்; உடன்பிறந்தோர் குடும்ப வீட்டில் இடம் தர மறுக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. அச்சட்டப்படி மாநில அரசுகள் அமர்த்த வேண்டிய குறைதீர்ப்பாளர், புகார் வந்த 30 நாள்களுக்குள்ளும், மருத்துவ அவசரமானால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள்ளும் உத்தரவிட வேண்டும். ஆனால் சிறைக்குப் போனதற்காக ஒதுக்குகிறார்களா, நோய்க்காக ஒதுக்குகிறார்களா என்பது இவர்கள் விஷயத்தில் பிரித்தறிய முடியாதபடி பின்னிக்கிடக்கும். எதிர்த்தரப்பு எப்போதும் முதல் காரணத்தைத்தான் சொல்லும். அதனால் புகார் எழுதும்போது, எந்த நாளில் யாருக்குத் தொற்று பற்றித் தெரியவந்தது, அதற்கு முன் எப்படி நடத்தினார்கள், பின் எப்படி நடத்தினார்கள் என்று கால வரிசையில் எழுதப் பழகிய ஒருவரின் உதவி தேவை. கடலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற உதவி எண்ணையோ அணுகும் ஒருவர், தகுதி எந்த வகையில் என்று கேட்கப்படும்போது நோயைச் சொல்லத் தேவையில்லை; சாதிச் சான்றோ வருமானச் சான்றோ போதும். அந்தச் சான்றுகளுக்கான விண்ணப்பத்தை, அவர் இன்னும் காவலில் இருக்கும்போதே சிறைச் சட்ட உதவி மையத்தின் சட்டத் தன்னார்வலர் எழுதி வாங்கி வைத்துவிட்டால், வெளியே வந்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையும் வேலை ஒன்று குறையும். சான்று கைக்கு வரும் வரை, ஏற்கெனவே நியமிக்கப்பட்ட வழக்கறிஞரே நிபந்தனைத் தளர்வையும் விலக்கு மனுவையும் அந்த வழக்கின் பகுதியாகவே தாக்கல் செய்துவிடலாம். அவற்றுக்குப் புதிய தகுதி எதுவும் தேவைப்படாது.